அரைமணி நேரத்தின் வரலாறு

தாயைக் குறிக்கத் தமிழில்தான் எத்தனை சொற்கள்! ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், பாலூட்டியவள் முலைத்தாய், கையில் ஏந்தியவள் கைத்தாய். அகப்பாடல்களில் மகள் உடன்போக்கில் சென்றபோது நற்றாய்க்கு நிகராகச் செவிலியும் கலங்குகிறாள். சில இடங்களில் நற்றாயைக் காட்டிலும் அவளே மிகுதியாகப் பேசுகிறாள். இவ்வகைப்பாட்டை இலக்கணச் சுவையோடு படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். சற்றே நின்று எண்ணிப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். பிறர் பிள்ளைக்குப் பாலூட்டிய முலைத்தாய், தானும் ஒரு பிள்ளையைப் பெற்றவளாகத்தானே இருந்திருக்க வேண்டும்? அவள் பெரிய வீட்டில் இருந்த பொழுதில், அவள் பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுத்தவர் யார்? பாடல்கள் இதைப் பேசுவதில்லை.

பேசப்படாத இந்தப் பிள்ளையைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூலிக்கு உழைக்கும் தாய், தன் குழந்தைக்கு எப்போது, எங்கே பாலூட்டினாள்? அரசர்களும் போர்களும் நிறைந்த வரலாற்று நூல்களில் இதற்கு விடை கிடைப்பது அரிது. ஆலைச் சட்டங்களிலும் ஆணையங்களின் அறிக்கைகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. அச்சிதறல்களைக் கோத்துப் பார்த்தால், உலக நாடுகளின் சட்டங்களில் அரைமணி நேரம் என்னும் ஒரு சிறு கால அளவு மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். அந்த அரைமணி நேரம் எங்கிருந்து வந்தது, நம் நாட்டில் என்னவாயிற்று என்று பார்ப்போம்.

பாலின் கணக்கு

அதற்கு முன் இயற்கையின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தாய்ப்பால், குடத்தில் நிரப்பி வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் நீரைப் போன்றதன்று. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் அது சுரக்கும்; குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். பிறந்த முதல் வாரங்களில் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை பால் குடிக்கிறது. தாய் பத்து மணி நேரம் விலகி இருந்தால் நான்கைந்து வேளைகள் தவறிப்போகும். முதல் நாட்களில் பால் கட்டிக்கொண்டு மார்பு கனத்து வலிக்கும். நாளடைவில் சுரப்பே வற்றத் தொடங்கும். ஆகவே, கூலி வேலைக்கும் பாலூட்டலுக்கும் இடையிலான சிக்கலை, தாய்க்குக் கிடைக்கும் நேரத்தை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது. தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

வயலில் இதற்கு ஒரு வழி இருந்தது. நடவுக்கோ களையெடுப்புக்கோ போகும் பெண், வரப்போர மரக்கிளையில் பழைய சேலையால் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்துவாள். அழுகுரல் கேட்டால் சேற்றுக்காலோடு கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மீண்டும் இறங்குவாள். மேலாள் முணுமுணுப்பான், வெயிலும் எறும்பும் குழந்தையை விட்டுவைக்காது. இதைப் பொற்காலம் என்று நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அழுதால் கேட்கும் தூரத்தில் தாய் இருந்தாள். ஆலையின் மதிற்சுவர் அந்தத் தூரத்தைத்தான் முதலில் மாற்றியது.

பாரிசின் பால்தாயர்

ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே, ஐரோப்பிய நகரங்களில் கைத்தொழில் குடும்பங்கள் இச்சிக்கலை எதிர்கொண்டன. பிரான்சில் பட்டறைகளிலும் கடைகளிலும் கணவனோடு சேர்ந்து உழைத்த பெண்கள், பிறந்த குழந்தைகளைக் கிராமத்துப் பால்தாயரிடம் அனுப்பிவைத்தனர். 1780ஆம் ஆண்டில் பாரிசின் காவல்துறைத் தலைவர் லெனுவார் தந்த கணக்கு வரலாற்றாசிரியர்களால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அந்நகரில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளில், பெற்ற தாயிடமே பால் குடித்தவை ஓராயிரத்துக்கும் குறைவு என்றார் அவர்! செல்வர் வீட்டுப் பெண்கள் ஒயிலுக்காகப் பாலூட்ட மறுத்தார்கள் என்று அக்கால அறநெறியாளர்கள் சாடினார்கள். ஆனால் இத்தனை ஆயிரம் குழந்தைகளும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்க முடியாது. அவர்களில் பெரும்பகுதியினர் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. தாயின் உழைப்பின்றிக் குடும்பத்துக்கு அன்றாடச் சோறு இல்லை என்பதே அடிப்படைக் காரணம்.

அக்கிராமத்துப் பால்தாயும் ஒரு கூலித் தொழிலாளிதான். நகரத்துப் பிள்ளைக்குப் பாலைக் கொடுத்த அவள், தன் பிள்ளையைச் சீக்கிரமே பால்மறக்கச் செய்தாள். அல்லது இருவருக்கும் பாலைப் பகிர்ந்தாள். இவ்வாறு அனுப்பப்பட்ட குழந்தைகள் பெருமளவில் இறந்தன. மருத்துவரும் அரசியலாளருமான தியோஃபில் ரூசல் முயன்று, 1874இல் தம் பெயராலேயே வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கூலிக்கு வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அரசு கண்காணிக்க அது வழிவகுத்தது. பாலுக்குக் கூலி உண்டு, ஆனால் பாலை இழந்த பிள்ளைக்குக் கணக்கு இல்லை என்ற நிலைமைக்கு எதிராக எழுந்த முதல் சட்டங்களில் அதுவும் ஒன்று.

ஆலையும் அபினும்

இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி ஆலைகள் பெருகியபோது, குழந்தைகளைக் கிராமத்துக்கு அனுப்பும் வசதிகூடத் தாய்மாருக்கு இல்லை. அண்டைவீட்டுக் கிழவியிடமோ எட்டு வயதுச் சிறுமியிடமோ குழந்தையை விட்டுச் சென்றனர். பசியில் அழும் குழந்தையை அமைதிப்படுத்த ‘காட்ஃப்ரீஸ் கார்டியல்’ என்னும் மருந்து கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. அபினைச் சர்க்கரைப் பாகில் கலந்த திரவம் அது. குழந்தை தூங்கும், பசிக்காது, அழாது. சில குழந்தைகள் விழிக்கவே இல்லை.

இந்த இருண்ட பக்கத்தில் வியப்பூட்டும் நிகழ்ச்சி ஒன்றும் பதிவாகியிருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பட்டினியில் வாடினர். அங்குள்ள நிலைமையை அறிய மருத்துவர் எட்வர்ட் ஸ்மித்தை அரசு அனுப்பியது. வேலையிழந்து வீட்டில் இருந்த தாய்மாருக்குத் தம் குழந்தைகளுக்கு அபின் மருந்துக்குப் பதிலாகப் பாலூட்ட நேரம் கிடைத்தது என்பதை, அந்நெருக்கடியின் நன்மைகளுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டார். கார்ல் மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இதை எடுத்தாண்டு, கசப்போடு சுட்டிக்காட்டுகிறார். தாய் பட்டினி கிடந்தபோது பிள்ளைக்குப் பால் கிடைத்தது. தாய்க்குக் கூலி கிடைத்தபோது பிள்ளைக்கு அபின் கிடைத்தது. தொழில்மயத்தின் முரணை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஒரு செய்தி இருக்குமா என்பது ஐயமே.

அதே போரின் விளைவாக இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. பம்பாய் வணிகர்களிடம் பணம் குவிந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்நகரில் ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. லங்காஷயரின் இயந்திரங்கள் வந்தபோது அவற்றோடு லங்காஷயரின் சிக்கலும் கப்பலேறி வந்துவிட்டது. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு விதித்த உச்சவரம்பே நாளொன்றுக்கு 11 மணி நேரம். அதிகாலையில் சங்கு ஊதும்போது சென்ற தாய், இருட்டிய பின் திரும்பினாள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் பரவியது. ‘பாலகோலி’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் இருந்தது. ஜே. எச். விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணையம், 1931இல் அளித்த அறிக்கையில் இவ்வழக்கத்தையும் கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது.

அரைமணி நேரம் பிறந்தது

இனி, சட்டங்களின் பக்கம் திரும்புவோம். தொழிற்சாலைப் பெண்களுக்குப் பேறுகால ஓய்வை முதலில் விதித்தது சுவிட்சர்லாந்து. 1877ஆம் ஆண்டுச் சட்டம், பேற்றுக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரங்கள் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1878இல் ஜெர்மனி மூன்று வாரங்களும், 1891இல் பிரிட்டன் நான்கு வாரங்களும் இவ்வாறே தடைசெய்தன. தடைசெய்தன என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டம் சொன்னது; அந்த வாரங்களுக்குக் கூலி யார் தருவார் என்று சுவிஸ் சட்டமோ பிரிட்டிஷ் சட்டமோ சொல்லவில்லை. ஜெர்மனியில் 1883இல் வந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு பெற்ற பெண்களுக்கு மூன்று வார உதவித்தொகை தந்து இக்குறையை ஓரளவு நிரப்பியது.

பேற்றுக்குப் பின் வேலைக்குத் திரும்பிய தாய் எவ்வாறு பாலூட்டுவாள் என்பதை, நாமறிந்த வரையில் தெளிவாக எண்ணிப் பார்த்த சட்டங்களில் ஸ்பெயினின் 1900ஆம் ஆண்டுச் சட்டம் முற்பட்டது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். அதை இரண்டு அரைமணிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கூலியில் பிடித்தம் கூடாது. இத்தாலி 1902இல், குறைந்தது ஐம்பது பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் பாலூட்டும் அறை வேண்டும் என்றது. முதல் உலகப்போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகள் பெண்களால் நிரம்பிய பிரான்சில், 1917 ஆகஸ்டில் ஒரு சட்டம் பிறந்தது. குழந்தை பிறந்த ஓராண்டு வரை தாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் என்றது அது. ஆக, 1919இல் முதலாவது அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு வாஷிங்டனில் கூடியபோது, அந்த அரைமணி நேரம் ஐரோப்பாவின் சில மூலைகளில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது.

அம்மாநாட்டில் பெண்கள் பெரும்பாலும் ஆலோசகர்களாகவே இருந்தனர். ஆனால் அதே நகரில் உழைக்கும் பெண்களின் அனைத்துலக மாநாடு ஒன்றும் 1919 அக்டோபர் இறுதியில் தனியே கூடித் தன் கோரிக்கைகளை முன்வைத்தது. இறுதியில் மகப்பேற்றுப் பாதுகாப்பு பற்றிய உடன்படிக்கை நிறைவேறிற்று. பேற்றுக்குப் பின் ஆறு வாரக் கட்டாய ஓய்வு. முன்னும் ஆறு வாரம் விலகியிருக்கும் உரிமை. தாயும் சேயும் நலமாக வாழப் போதுமான உதவித்தொகையை அரசு நிதியோ காப்பீடோ வழங்குதல். பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இருமுறை அரைமணி நேரம். முதலாளியின் கையிலிருந்து நேரடியாகத் தொகை தரப்படக் கூடாது, பொதுநிதியே சுமக்க வேண்டும் என்ற கருத்து இதில் உள்ளடங்கியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

அந்த மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் சார்பில் சென்றவர் என். எம். ஜோஷி. அவருக்கு ஆலோசகராகச் சென்றவர் பி. பி. வாடியா, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர். இந்தியாவைப் பொறுத்தவரை, இப்பொருளை ஆராய்ந்து அறிக்கை தருமாறு அரசைக் கேட்டுக்கொள்வதோடு மாநாடு நின்றது. இந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவே இல்லை.

எட்டணாவும் ஒரு வாதமும்

நாடு திரும்பிய ஜோஷி சும்மா இருக்கவில்லை. 1924இல் மத்திய சட்டமன்றத்தில் மகப்பேற்றுப் பயன் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது தோற்கடிக்கப்பட்டது. களம் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு மாறியது. அங்கே ஆர். எஸ். அசவலே கொண்டுவந்த மசோதாவின் மீது 1928 ஜூலையில் டாக்டர் அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனுக்குரியது. ஆகவே அச்சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அதே வேளையில், பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளி பொறுப்பிலிருந்து முற்றிலும் விலகிவிட முடியாது என்றும் வாதிட்டார்.

1929இல் பம்பாய்ச் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு எட்டணா உதவித்தொகை. ஆனால் அதைத் தரவேண்டிய கடமை முழுவதும் முதலாளியின் தலையில் வைக்கப்பட்டது. அம்பேத்கர் சொன்ன அரசின் பங்கு அதில் இல்லை. 1930இல் மத்திய மாகாணமும், 1934இல் சென்னை மாகாணமும் தத்தம் சட்டங்களை இயற்றின. முறை அதுவே.

இதன் விளைவு என்ன? 1944இல் டி. வி. ரேகே தலைமையில் அமைக்கப்பட்ட தொழிலாளர் விசாரணைக் குழு நாடெங்கும் தொழிற்சாலைகளை ஆராய்ந்தது. கருவுற்ற அறிகுறி தெரிந்ததும் பெண்களை நீக்கிவிடுவதும், மணமாகாதவர்களையும் கைம்பெண்களையும் பேற்று வயதைக் கடந்தவர்களையும் மட்டும் விரும்பி வேலைக்கு எடுப்பதும் முதலாளிகள் கைக்கொண்ட தந்திரங்கள் என்று அது கண்டது. தாய்க்கு உதவ வந்த சட்டம், தாயாகக்கூடிய பெண்ணை ஆலை வாசலிலேயே நிறுத்தும் காரணமாகவும் ஆகிவிட்டது! இத்தந்திரம் அந்தக் காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. தமிழகத்தின் மேற்கு, தெற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய கதையை நம்மில் பலர் அறிவோம். மங்கலமான பெயர்தான். ஆனால் பால் கட்டிய மார்போடு இயந்திரத்தின் முன் நிற்கும் ஒரு பெண்ணை அந்த ஆலை ஒருநாளும் சந்திக்க வேண்டியிருக்காது.

1948இன் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் மட்டும் வேறு வழியில் சென்றது. தொகையை முதலாளி நேரடியாகத் தராமல், சந்தாக்களால் ஆன பொதுநிதி தந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் அத்திட்டம் தொடங்கியது. வாஷிங்டன் உடன்படிக்கையின் உள்ளக்கருத்துக்கு நம் நாட்டில் நெருங்கி வந்த ஏற்பாடு இதுவே.

தொட்டில் எங்கே?

விடுப்பின் கதை இவ்வாறிருக்க, பாலூட்டலின் கதைக்கு வருவோம். 1934இன் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உள்ள ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. 1948இன் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தாய்மார் வேண்டிய இடைவெளிகளில் வந்து பாலூட்ட வசதி செய்யும் விதிகளுக்கும் இடமளித்தது. 1976இல் ஐம்பது என்ற எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது.

இலங்கையின் மலையகத்தில் இக்காப்பகத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘பிள்ளைக்காம்பரா’. லயத்து வீடு காம்பரா. பிள்ளைகளின் வீடு பிள்ளைக்காம்பரா. எவ்வளவு பொருத்தமான சொல்! அதிகாலையில் தூங்கும் குழந்தையை அங்கே ஆயாம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் கூடையோடு மலையேறுவாள். அந்நாட்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் 1939ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பின்னர் அதில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு நம் கவனத்துக்குரியது. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பணியிடத்தில் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காப்பகம் இல்லையேல் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பிள்ளை தூரத்தில் இருந்தால் தாய்க்கு இரட்டை நேரம் வேண்டும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட விதி இது. நேரமும் தூரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதைச் சட்டத்தின் மொழியிலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவில் மாகாணச் சட்டங்களுக்கு மாற்றாக 1961இல் மகப்பேற்றுப் பயன் சட்டம் வந்தது. கூலியோடு 12 வாரங்கள். வேலைக்குத் திரும்பிய பின், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள். பதினைந்து மாதம் என்பது தாராளமான அளவே. ஆனால் இடைவேளை எவ்வளவு நீளம்? அதைச் சட்டம் விதிகளுக்கு விட்டுவிட்டது. சுரங்கங்களுக்கும் சர்க்கஸ்களுக்குமாக 1963இல் வந்த விதிகள் ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம் என்றன. போய்வரும் நேரமாகக் கூடுதலாக ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல், பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல் தரலாம் என்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். போகவரப் பதினைந்து நிமிடம் என்றால், குழந்தை ஏழரை நிமிட நடைதூரத்துக்குள் இருந்தாக வேண்டும்! அதற்கு அப்பால் வீடு உள்ள தாய்க்கு அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே. வாஷிங்டனின் அரைமணி இங்கே பாதியாகியது. தொட்டில் அருகில் இல்லாத இடத்தில் அந்தப் பாதியும் பயனற்றுப் போயிற்று.

மதிலுக்கு வெளியே

சட்டங்கள் பேசியதெல்லாம் மதிலும் பதிவேடும் உள்ள இடங்களைப் பற்றியே. கல்லும் மண்ணும் சுமக்கும் சித்தாள் பெண்ணுக்கு எந்தப் பதிவேட்டிலும் நிலையான பெயர் இல்லை. 1969இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக டெல்லி ராஜ்காட்டில் கட்டட வேலைகள் நடந்தன. தாய்மார் செங்கல் சுமக்க, புழுதியிலும் வெயிலிலும் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். கட்டடம் முடிந்து தொழிலாளர் வேறிடம் போனால் காப்பகமும் உடன் போக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து ‘மொபைல் க்ரீச்சஸ்’ என்னும் அமைப்பு வளர்ந்தது. வரப்போர மரத்தில் தாய் தானே கட்டிய தூளியை, நகரத்துக் கட்டட மேடையில் மற்றவர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்தார்கள் என்று நாம் இதைச் சொல்லலாம்.

அதே டெல்லியில் மாநகராட்சிக்காகச் சாலைப் பணிகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த பெண்கள், தினக்கூலிப் பட்டியலில் இருந்ததால் பேறுகால விடுப்பு மறுக்கப்பட்டார்கள். நிலையான ஊழியர்களுக்கு மட்டுமே அது உரியது என்றது மாநகராட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்றுப் பயன் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேற்றுநோவில் நிலையானவள், தற்காலிகமானவள் என்ற வேறுபாடு இல்லை என்ற எளிய உண்மை சட்டமாவதற்கு, 1961இலிருந்து 39 ஆண்டுகள் ஆயின.

ஆறு மாதமும் அதற்கு அப்பாலும்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற பரிந்துரையை உலக சுகாதார மன்றம் 2001இல் உறுதிப்படுத்தியது. அப்போது இந்தியச் சட்டம் தந்தது 12 வாரம், அதாவது 84 நாட்கள். ஆறு மாதம் பால் மட்டும் கொடு என்று மருத்துவர் சொல்ல, மூன்று மாதத்துக்குள் வேலைக்கு வா என்று அலுவலகம் அழைத்தது. பேற்றுக்கு முன்பே எடுத்த நாட்களைக் கழித்தால் எஞ்சியது இன்னும் குறைவு. அந்த இடைவெளியில் எத்தனை தாய்மார் பால்பவுடர் டப்பாவைக் கண்ணீரோடு திறந்திருப்பார்கள்! தமக்குத் தாய்மை உணர்வு குறைவோ என்று தம்மையே நொந்துகொண்டும் இருப்பார்கள். உண்மையில் அது அவர்களுடைய குறையன்று. இரண்டு நாட்காட்டிகள் பொருந்தாமையால் நேர்ந்தது.

2017இல் திருத்தம் வந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள்; ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம்; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர உரிமை. காப்பகத்தையும் சென்றுவரும் உரிமையையும் ஒரே விதியில் இணைத்தது இத்திருத்தத்தின் சிறப்பு. 1961இன் சட்டம் பின்னர் 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கியது. 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பதினைந்து மாதம் வரையான பாலூட்டும் இடைவேளை அதிலும் தொடர்கிறது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கான விடுப்பை 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்த்தியது. 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது.

இவையெல்லாம் பாராட்டுக்குரியன. ஆனாலும் பழைய இரண்டு சிக்கல்கள் அப்படியே நிற்கின்றன. காப்பீட்டு வட்டத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களில் 26 வாரக் கூலியும் முதலாளியின் பொறுப்பே. 1928இல் அம்பேத்கர் கேட்ட அரசின் பங்கு அங்கே இன்னும் வரவில்லை. ஆகவே ரேகே குழு கண்ட தந்திரம், நேர்காணல் அறையில் ‘திருமணம் எப்போது?’ என்ற நாகரிகமான கேள்வியாக உருமாறி நிற்கிறது. இரண்டாவது, உழைக்கும் இந்தியப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழில்களில் இருப்பவர்கள். 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்றது. அதற்காக 2017இல் வந்த மத்திய அரசுத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று தொடங்கியது. தமிழகத்தில் 1987 முதல் நடந்துவரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித் திட்டம், 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் வளர்ந்து, பின்னர் 18,000 ரூபாயானது. இத்தொகைகள் தாய்க்குச் சில வார ஓய்வைத் தரும். பிறகு அவள் வேலைக்குத் திரும்பும் நாளில், பிள்ளையை எங்கே கிடத்துவது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

பாலைக் கருவியால் கறந்து குளிர்பெட்டியில் சேமிக்கும் வழக்கம் இன்று நகரத்து அலுவலகங்களில் பரவிவருகிறது. பிள்ளையைத் தாயிடம் கொண்டுவருவது காப்பகம். தாயைப் பிள்ளையிடம் விட்டுவைப்பது விடுப்பு. பாலை மட்டும் பிள்ளையிடம் அனுப்புவது இக்கருவி. மூன்றில் எதுவும் பழிக்கத்தக்கதன்று. ஆனால் மூன்றாவது வழிக்கு நிறுவனத்தின் செலவு மிகக் குறைவு, தாயின் உழைப்பு மிக அதிகம். பூட்டக்கூடிய ஓர் அறையும் கால்மணி நேரமும்கூட இல்லாமல், கழிவறையில் நின்று பால் கறக்கும் பெண்ணைப் பார்க்கும்போது 1900இன் ஸ்பானியச் சட்டம் நினைவுக்கு வராமல் போகாது.

முலைத்தாய் பெற்ற பிள்ளை யாரிடம் பால் குடித்தது என்ற கேள்வியோடு இக்கட்டுரையைத் தொடங்கினோம். வரலாறு அதற்கு ஒரே விடையைத்தான் திரும்பத் திரும்பத் தருகிறது. தாயின் உழைப்பை விலைக்கு வாங்கிய வீடும் ஆலையும் தோட்டமும், அவளோடு ஒரு பிள்ளையும் வருகிறது என்பதைக் கணக்கில் எடுக்கத் தயங்கின. கணக்கில் எடுத்தபோதெல்லாம் அது யாரோ ஒருவர் வாதாடியதால் நிகழ்ந்தது. அந்த அரைமணி நேரத்துக்குப் பின்னால் வாஷிங்டனில் கூடிய பெண்கள் இருக்கிறார்கள். தோற்ற மசோதாவோடு நின்ற ஜோஷி இருக்கிறார். டெல்லிச் சாலையில் தார் ஊற்றிய பெயர் தெரியாத பெண்களும் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் மூத்த பெண்கள் பலர் ஆலைக்கும் வயலுக்கும் தோட்டத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குச் சென்றவர்கள். பிள்ளையை யாரிடம் விட்டுப் போனீர்கள், பால் கட்டியபோது என்ன செய்தீர்கள் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சட்ட நூல்களில் இல்லாத வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது. அதை எழுதிவைப்பதும் வரலாற்றுப் பணியே.